ஏற்காட்டுக் குளிரும் சில்ஃப்ரா தண்ணியும் ஒண்ணு இல்லீங்க

"ஏற்காட்டு மார்கழியைத் தாங்குறவங்களுக்கு ஐஸ்லாந்து சில்ஃப்ரா எல்லாம் சும்மா, சாதா வெட்சூட் போட்டே டைவ் அடிக்கலாம்"னு ஒரு அண்ணா எழுதியிருக்கார். சில்ஃப்ராங்கிறது ஐஸ்லாந்துல தண்ணி நிறைஞ்ச ஒரு பாறைப் பிளவு; வெட்சூட்ங்கிறது தண்ணி உள்ளே புகுற ரப்பர் டைவிங் உடை. கோவிச்சுக்காதீங்கண்ணா, அவர் சொன்னது தப்பு.

ஏற்காட்டுல ராத்திரி 12, 13 டிகிரிக்கு இறங்கும், சரி. ஆனா அது காத்து. தண்ணி நம்ம உடம்புச் சூட்டைக் காத்தைவிடச் சுமார் 25 மடங்கு வேகமா உறிஞ்சும். சில்ஃப்ராவுல இருக்கிறது பனிப்பாறை உருகி எரிமலைப் பாறைக்குள்ள வடிஞ்சு வர்ற தண்ணி. வருஷம் பூரா 2லிருந்து 4 டிகிரிதான். சேலத்துக் கிணத்துல குட்டிக்கரணம் போட்ட பழக்கம் அங்க நீச்சலுக்கு உதவும், குளிருக்கு உதவாது.

அங்க டைவ் பண்ண டிரைசூட் வேணும். உள்ளே தண்ணி புகாது, கதகதப்பான உள்ளாடையும் காத்தும்தான் காப்பாத்தும். கையும் தலையும் மட்டும் நனையும், உதடு மரத்துப்போகும். ஆழம் போகப் போக சூட் உடம்பை நெருக்கும், அப்போ காத்து ஏத்தணும். மேலே வரும்போது வெளியேத்தணும். அந்தக் காத்து கால்பக்கம் போயிட்டா ஆளைத் தலைகீழாத் தூக்கிடும் (கேக்கச் சிரிப்பா இருக்கும், தண்ணிக்குள்ள சிரிப்பு வராது). அதனாலதான் அந்தமான்ல வாங்கின ஓப்பன் வாட்டர் (தொடக்கநிலை டைவிங்) சான்றிதழ் மட்டும் பத்தாது, டிரைசூட் பயிற்சிச் சான்றோ, டிரைசூட்ல 10 டைவ் பண்ணின பதிவோ கேப்பாங்க. குளிர்நீருக்கு ஏத்த ரெகுலேட்டரும் (சிலிண்டர் காத்தை மூச்சுக்குக் கொடுக்குற கருவி) முக்கியம். சாதாரணமானது உறைஞ்சு, காத்து நிக்காமக் கொட்டிடும்.

இந்தச் சான்றோ பதிவோ இல்லாதவங்க ஸ்நார்க்லிங் (மூச்சுக்குழாய் வச்சுத் தண்ணி மேல மிதந்துக்கிட்டே பாக்குறது) போங்க. அதுக்கு டைவிங் சான்றிதழ் தேவையில்லை, நீச்சல் தெரிஞ்சிருக்கணும்.