பாத்திரம் அடைப்பவனுக்குப் பிரசங்கம் எதற்கு?

எங்கள் பக்கத்துச் சேகரம் ஒன்றில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தைச் சேகரம் என்போம்), ஞாயிறு ஆராதனை முடியும் வேளையில், குருவானவரின் முன் அனுமதி பெறாமல் வீட்டு ஜெபக்கூட்டங்களில் யாரும் வேத விளக்கம் அளிக்கக் கூடாது என்று ஓர் அறிவிப்பு வாசிக்கப்பட்டதாம். அன்று மாலைக்குள் உறவினர்களின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆவியானவருக்கு லைசென்ஸ் வேண்டுமா என்று ஒரு பக்கத்தார் கேட்டார்கள். ஆளாளுக்குப் பிரசங்கம் செய்யக் கிளம்பினால் சபை என்ன ஆகும் என்று மறு பக்கத்தார் கேட்டார்கள். அந்தச் சேகரத்து வழக்கைத் தீர்க்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இரு தரப்பாரும் ஒரே மனிதரைத் தங்கள் சாட்சியாக அழைத்ததுதான் என்னை எழுத வைத்தது. அவர் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரசங்கியாரும் எழுத்தாளருமான ஜான் பனியன். லைசென்ஸ் இல்லாமல் பிரசங்கித்ததற்காகச் சிறை சென்றவர் என்று முதல் தரப்பும், அவரே பிறகு லைசென்ஸ் வாங்கிக்கொண்டுதான் பிரசங்கித்தார் என்று இரண்டாம் தரப்பும் வாதாடின. இரண்டும் உண்மைதான் என்றாலும், இரு தரப்பாரும் அவரவருக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த எங்களுக்கு இந்தப் பெயர் புதிதன்று. பாட்டியின் கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியில் வேதாகமத்தோடு அவர் எழுதிய கதையான மோட்சப் பிரயாணமும் கிடக்கும். பனியன் என்ற பெயரைக் கேட்டுச் சிரித்ததற்காகத் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். அவர் எழுத்து படிப்பவர் வீட்டுப் பிள்ளை அல்லர் என்பதும், இங்கிலாந்தின் பெட்ஃபர்டுக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்ற சிற்றூரில் 1628-ல் பிறந்து, தகப்பனைப் போலவே ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர் என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தன. நம் ஊரில் ஈயம் பூச வருகிறவரை எந்தக் கண்ணால் பார்ப்பார்களோ, ஏறத்தாழ அந்தக் கண்ணால்தான் அவரையும் பார்த்தார்கள்.

உள்நாட்டுப் போரும் அதன்பின் வந்த குடியரசும் இங்கிலாந்தில் பழைய மதக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியிருந்த காலத்தில், 1650-களின் நடுவில், பெட்ஃபர்டில் இயங்கிய ஒரு தனிச் சபையில் சேர்ந்து அவர் பேசத் தொடங்கினார். பல்கலைக்கழகப் படிப்பும் பேராயர் கைவைத்துத் தரும் குருப்பட்டமும் இல்லாத ஒருவர் பேச, ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த தாமஸ் ஸ்மித் என்ற அறிஞர் இதைப் பொறுக்காமல் 1659-ல் எழுத்து மூலமாகவே தாக்கினார். அவருக்கு மறுமொழி எழுதிய ஹென்றி டென், பாத்திரங்களோடு ஆத்துமாக்களையும் சீர்செய்ய முயல்கிறான் என்பதற்காகத்தானே உமக்கு அந்த ஆள்மீது கோபம் என்று கேட்டார். இந்தத் தகராறின் உயிர் அந்த ஒற்றைக் கேள்வியில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஸ்மித்துக்கு அந்த மனிதன் சொன்ன உபதேசத்தைவிட அவன் பிடித்திருந்த சுத்தியல்தான் பெரிதாக உறுத்தியது.

1660-ல் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பினார். அதே ஆண்டு நவம்பர் 12 அன்று லோயர் சாம்செல் என்ற குக்கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டுக் கூட்டத்தில் பனியன் கைதானார். பிடிவாரண்டு வந்துவிட்டது என்ற செய்தி முன்பே கிடைத்தும், கூட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் அஞ்சியும், அவர் ஓடவில்லை. தாம் ஓடினால் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதே அவர் கவலை. காவலர் உள்ளே நுழைந்தபோது அவர்கள் கையில் வேதாகமம் தவிர வேறெதுவும் இல்லை. இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று பிணை எழுதிக் கொடுத்திருந்தால் அன்றைக்கே வீடு திரும்பியிருக்கலாம். அதற்கு அவர் இசையவில்லை.

1661 சனவரியில் நடந்த விசாரணையைப் பனியனே எழுதி வைத்திருக்கிறார். ஒரு தரப்பின் பதிவு என்பதை மறக்காமல்தான் அதைப் படிக்க வேண்டும். அரசு சபையின் ஆராதனைக்கு வராமல் இருந்தது, சட்டவிரோதக் கூட்டங்களை நடத்தியது என்பவை குற்றச்சாட்டுகள். இன்ன தவறான உபதேசத்தைச் சொன்னார் என்ற ஒரு வரிகூட அதில் கிடையாது. தலைமை வகித்த நீதிபதி கீலிங், அந்தச் சபையின் பொது ஜெபப் புத்தகம் அப்போஸ்தலர் காலத்திலிருந்தே வழங்கி வருகிறது என்று அடித்துச் சொன்னாராம். 1549-ல் முதன்முதலாக அச்சான புத்தகம் அது! அவரவர் பெற்ற வரத்தின்படி ஒருவருக்கொருவர் உதவி செய்யுங்கள் என்ற பேதுருவின் நிருப வசனத்தைப் பனியன் எடுத்துக்காட்டியபோது, கீலிங் அதற்கு ஒரு புது விளக்கம் தந்தார்: வரம் என்றால் தொழில், பாத்திரம் அடைக்கும் வரத்தைப் பெற்றவன் பாத்திரம் அடைக்கட்டும். கைத்தொழில் செய்பவன் வேதத்தைத் தொடக் கூடாது என்று சொல்ல வேதத்தையே வளைக்க வேண்டியிருந்தது. தொழிலை வைத்து வாயைக் கட்டும் இந்தத் தருக்கம் நமக்கு அறிமுகமானதுதான் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று மாதச் சிறை, அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் நாடுகடத்தல், அனுமதியின்றித் திரும்பி வந்தால் தூக்கு என்பது தீர்ப்பு. இன்று என்னை விடுவித்தால் தேவன் துணையோடு நாளைக்கே மறுபடியும் பிரசங்கிப்பேன் என்பது அவர் பதில். மூன்று மாதம் பன்னிரண்டு ஆண்டுகளாக நீண்டது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அந்த வீர வசனம் கிடையாது. தண்டனைக்குப் பிறகு, ஏப்ரல் மாதத்தில், பால் காப் என்ற நீதிமன்ற எழுத்தர் சிறைக்கு வந்து நயமாகப் பேசிப் பார்க்கிறார். அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நல்ல புத்தி சொல்வதை யாரும் தடுக்கவில்லை, கூட்டம் கூட்டாதே என்றுதானே சொல்கிறோம் என்கிறார். ஒருவருக்குச் சொல்வது நன்மை என்றால் இருவருக்குச் சொல்வது எப்படித் தீமையாகும், இருவருக்குச் சொல்லலாம் என்றால் பலருக்குச் சொன்னால் என்ன என்று பனியன் திருப்பிக் கேட்கிறார். தம் பிரசங்கக் குறிப்புகளை எழுதித் தரவும் முன்வருகிறார். உபதேசம்தான் அரசின் கவலை என்றால் அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தக் குறிப்புகளை யாரும் கேட்டு வாங்கியதாகத் தெரியவில்லை. சட்டம் எண்ணிக்கையைத்தான் பார்த்தது. 1664-ல் வந்த கூட்டத் தடைச் சட்டம் இதை ஒளிக்காமலே எழுதியது; வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல், பதினாறு வயது கடந்தவர்கள், அரசு சபையான ஆங்கிலிக்கன் சபையின் முறைப்படி அமையாத வழிபாட்டுக்குக் கூடினால் குற்றம். 1670-ல் அதைப் புதுப்பித்தபோது, வசூலாகும் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு துப்புக் கொடுத்தவனுக்குப் போகும் என்று சேர்த்தார்கள். அண்டை வீட்டு ஜெபத்தைக் காட்டிக்கொடுத்துச் சம்பாதிப்பது ஒரு தொழிலாகவே ஆயிற்று.

அரசின் அச்சம் வெறும் பாசாங்கு என்று சொல்லிவிட முடியாது. 1649-ல் ஓர் அரசனின் தலை வெட்டப்பட்டிருந்தது. பனியனின் விசாரணை நடந்த அதே சனவரியில் தாமஸ் வென்னர் என்பவர் தலைமையில், இயேசுவே அரசர், வேறு அரசர் வேண்டாம் என்ற ஒரு சிறு கூட்டத்தார் லண்டன் தெருக்களில் ஆயுதமேந்திக் கலகம் செய்து பல உயிர்கள் போயின. அவர்களும் ஒரு ஜெப வீட்டிலிருந்து கிளம்பியவர்களே. காப் இதைத்தான் பனியனிடம் சுட்டிக்காட்டினார். கலகக்காரனையும் பாத்திரம் அடைப்பவனையும் வேறுபடுத்திப் பார்க்கும் உழைப்பு தேவைப்பட்ட இடத்தில், இருவருக்கும் ஒரே பூட்டைப் போட்டதுதான் அந்த ஆட்சியின் குற்றம் என்பேன்.

1661 ஆகஸ்டில் பனியனுடைய மனைவி எலிசபெத் பெட்ஃபர்டுக்கு வந்த உயர் நீதிபதிகளிடம் முறையிட்டார். கணவர் பிடிபட்ட அதிர்ச்சியில் குறைமாதப் பிரசவமாகிக் குழந்தையை இழந்திருந்தவர் அவர். முதல் தாரத்தின் நான்கு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் மேரிக்குக் கண் தெரியாது. நீதிபதி மத்தேயு ஹேல் ஓரளவு இரக்கத்தோடு கேட்டார். உடனிருந்த ட்விஸ்டன், உன் கணவன் பிரசங்கத்தை விட்டுவிடுவானா என்று சீறினார். பேசும் சக்தி இருக்கும்வரை விடத் துணிய மாட்டார் என்றார் எலிசபெத். தண்டனையே முறைப்படி விதிக்கப்படவில்லை என்று அவர் வாதிட்டபோது, பதிவாகிவிட்டது, பதிவாகிவிட்டது என்பதையே ஒரு நீதிபதி திரும்பத் திரும்பச் சொன்னாராம். அவர் பாத்திரம் அடைப்பவர், ஏழை, அதனால்தான் இகழப்படுகிறார், நியாயமும் கிடைக்கவில்லை என்று அந்தப் பெண் நீதிபதிகள் முன் நின்று சொன்ன சொல்தான், என் கணக்கில், இந்த வழக்கின் மிகச் சிறந்த பிரசங்கம். அதற்கு எந்தப் பேராயரும் உரிமம் கொடுத்திருக்கவில்லை.

இனி, இரண்டாம் தரப்பு விரும்பும் பாதிக்கு வருகிறேன். 1672 மார்ச்சில் சார்லஸ் மன்னர், தம் சொந்தக் கணக்குகளுக்காக, அரசு சபையைச் சேராத மாற்றுச் சபையாருக்குச் சலுகை அறிவித்தார். அதன்படி பெட்ஃபர்டில் ஒரு வீட்டில் பிரசங்கிப்பதற்குப் பனியனுக்கு மே 9 தேதியிட்ட உரிமம் கிடைத்தது. உரிமம் இல்லாததற்காகச் சிறையில் கிடந்தவர் உரிமத்தை வாங்கிக்கொண்டார். உரிமம் வாங்குவது, வழிபாட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் மன்னனுக்கு உண்டு என்று ஏற்பதாகும் என அன்றே பலர் தயங்கினார்கள். குருமார் இல்லாமலே கூடி வழிபட்ட குவேக்கர்கள் என்ற மாற்றுச் சபையார் விண்ணப்பிக்கவே இல்லை. பனியனைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. சிறையில் நாடாக்களுக்கு உலோக முனை பொருத்திப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவரிடம் போய்க் கொள்கைத் தூய்மை பேச வாய் வருமா? ஆனால் அந்தக் காகிதம் எவ்வளவு உறுதியானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறு ஆண்டே நாடாளுமன்றம் நெருக்க, மன்னர் தம் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். பின்னர் உரிமங்கள் செல்லாதவையாயின. 1676 வாக்கில் பனியன் மீண்டும் சில மாதங்கள் சிறையில் இருந்தார். ஆகவே அவரே லைசென்ஸ் வாங்கினாரே என்பவர்கள், கொடுத்த கையே அதைப் பிடுங்கிக்கொண்டது என்ற வரியையும் சேர்த்து வாசிக்கட்டும்.

முதல் தரப்பாருக்கும் பிடிக்காத செய்திகள் இருக்கின்றன. பனியன் அச்சில் ஏற்றிய முதல் நூலே குவேக்கர்களின் உபதேசத்தைக் கண்டித்து 1656-ல் எழுதியதுதான். தம்மைப் போலவே உரிமமின்றிப் பேசியவர்களை அவர் அவ்வளவு கடுமையாகச் சாடினார். வேடிக்கை என்னவென்றால், 1672 செப்டம்பரில் குவேக்கர்கள் அலைந்து திரிந்து மன்னரிடம் பெற்ற பொதுமன்னிப்பில், நானூறுக்கும் மேற்பட்ட பெயர்களுக்கு நடுவே, அவர்கள் பெருந்தன்மையால் சேர்க்கப்பட்ட பனியனின் பெயரும் இருந்தது. 1683-ல், பெண்கள் ஆண்கள் இல்லாமல் தனியாக ஜெபக்கூட்டம் நடத்தலாமா என்ற கேள்வி அவர் சபையைச் சார்ந்த வட்டாரத்தில் எழுந்தபோது, கூடாது என்று ஒரு நூலே எழுதினார். ஒருவருக்குச் சொல்லலாம் என்றால் பலருக்குச் சொன்னால் என்ன என்று சிறையில் கேட்டவர், தம் ஊர்ப் பெண்களிடம் காப் பேசியதைப் போலப் பேசினார். எலிசபெத் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

பூட்டப்பட்டவனும் சாவி கைக்கு வந்ததும் பூட்டத்தான் செய்கிறான் என்பதற்காக, பூட்டு நல்லது என்று நான் முடிவுக்கு வர மாட்டேன். பனியன் 1688 ஆகஸ்டில் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த சகிப்புச் சட்டம் மாற்றுச் சபையாரின் வழிபாட்டைத் தண்டனையிலிருந்து விடுவித்தது. அப்போதும் கூடும் இடத்தைப் பதிவு செய்ய வேண்டும், கூட்டம் நடக்கும்போது கதவைப் பூட்டக் கூடாது, போதகர் அரசு சபையின் கோட்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கையெழுத்திட வேண்டும். கத்தோலிக்கருக்கும் திரித்துவத்தை மறுப்பவருக்கும் அந்தக் கதவும் திறக்கவில்லை.

எங்கள் சீமைக்கு மோட்சப் பிரயாணத்தோடு கூடிய கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவர்களில் சர்ச் மிஷன் சங்கத்தார் முக்கியமானவர்கள். அவர்கள் பனியனைச் சிறையிலிட்ட அதே ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள். அங்கியணிந்த குருவானவர்களைவிட அதிகமாக உபதேசியார்களே, பலர் விவசாயமும் பனைத்தொழிலும் தெரிந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், ஊர் ஊராக நடந்து எங்கள் முன்னோர்களிடம் பேசினார்கள். மோட்சப் பிரயாணத்தின் கதையை மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட விருத்தங்களில் இரட்சணிய யாத்திரிகமாக 1894-ல் தந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையும் குருப்பட்டம் பெற்றவரல்லர். வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து 1858-ல் திருமுழுக்குப் பெற்ற தமிழாசிரியர் அவர். அந்த அறிவிப்பை வாசித்த சேகரத்தின் ஆலயத்திலும் அவருடைய பாடல்களைப் பாடத்தான் செய்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில், அந்த அறிவிப்புக்கு இடமளித்த ஜெபக்கூட்டம் நடந்த வீட்டின் அம்மாள் வேதத்திலிருந்து என்னதான் சொன்னார்கள் என்று நான் கேட்டேன். மூன்று நாட்களாகச் சண்டையிட்ட இரு தரப்பிலும் அது யாருக்கும் தெரியவில்லை.