ஊட்டிவிடாதீர்கள், முதலில் சூட்டைப் பாருங்கள்

பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஓணான் வகை) அசையாமல் கிடந்தால் பசிதான், வாயைத் திறந்து ஊட்டிவிடுங்கள் என்று ஒரு அண்ணா சொல்லியிருப்பது தவறு, தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். வெளியிலிருந்து சூடு கிடைக்காவிட்டால் அதற்குத் தின்றது செரிக்காது, வயிற்றிலேயே கிடந்து கெடும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரி வரை இறங்குகிறது, நாமே போர்வைக்குள் சுருண்டுகொள்கிறோம், பாவம் அது என்ன செய்யும்? தொட்டியில் சூட்டுக்காக வைத்த பல்புக்குக் கீழே அது படுக்கும் இடத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பகலில் 38 முதல் 42 டிகிரி வேண்டும், தொட்டியின் மறுமுனை 25 பக்கம் இருக்கட்டும். அப்புறம், மூடிய ஜன்னல் வழியாக வரும் வெயில் போதாது, அதற்குத் தேவையான யுவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும், அதற்குத் தனி விளக்கு வேண்டும். தோல் உரிக்கும் நாட்களிலும் மந்தமாக இருக்கும். சூடு சரியாக இருந்தும் கால் நடுங்கினாலோ கண் குழிந்தாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள்.