புளூடூத்தா, வைஃபையா? அதை முதலில் பாருங்கள்
வீட்டில் பாட்டு கேட்க ஸ்ட்ரீமர் (போனிலோ இணையத்திலோ உள்ள பாட்டை ஒயர் இல்லாமல் வாங்கி ஸ்பீக்கருக்குத் தரும் கருவி) வாங்குவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஒலித்தரத்தைப் பற்றி விரிவாக எழுதிய அந்தக் கட்டுரை, புளூடூத்துக்கும் வைஃபைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வரியில் தாண்டிவிட்டது. தினமும் தொல்லை தருவது அதுதானே! புளூடூத்தில் பாட்டு போன் வழியாகத்தான் போகிறது. அழைப்பு வந்தால் பாட்டு நிற்கும். நான் முதலில் வாங்கியது அந்த வகை. துணி காயப்போட மாடிக்குப் போனால் கீழே பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும், "போனை வச்சிட்டுப் போ" என்று வீட்டில் ஒரே சத்தம். வைஃபை ஸ்ட்ரீமர்கள் பெரும்பாலும் இணையத்திலிருந்து பாட்டைத் தாமே எடுத்துக்கொள்ளும், போன் வெறும் ரிமோட்தான்.

வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஏற்கெனவே இருக்கிறதா? சரி, புது ஸ்பீக்கர் எதற்கு? ஆர்சிஏ (சிவப்பு-வெள்ளை முனை ஒயர்) அல்லது ஆப்டிகல் (ஒளியிழை ஒயர்) வெளியீடு உள்ள சின்ன ஸ்ட்ரீமர் ஒன்றை அந்த ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் போதும்.

அப்புறம், நிறுவனம் எத்தனை வருடம் அப்டேட் தரும் என்றும் விசாரியுங்கள். கூகுள் தன் குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்ன ஸ்ட்ரீமரின் தயாரிப்பை 2019-இல் நிறுத்தியது. 2025 மார்ச்சில் அதன் டிஜிட்டல் சான்றிதழ் (கருவி அசல்தான் என்று உறுதிசெய்யும் மென்பொருள் அடையாளம்) ஒன்று காலாவதியானதால், நன்றாக இருந்த அந்தக் கருவிகளும் சில நாள் படுத்துவிட்டன. அதனால், போனை நேராக ஸ்பீக்கரில் செருகும் பழைய ஆக்ஸ் ஒயரை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.