தொகு பொத்தான் அந்தப் படத்திலேயே இருக்கிறது

நம் லினக்ஸ் விக்கியைக் கிண்டலடித்து ஓடும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி போடவில்லை. நெட்வொர்க் பக்கத்தில், இணைப்பு விவரம் பார்க்க இன்னும் ஐஎஃப்கான்ஃபிக் என்ற பழைய கட்டளையே இருக்கிறதாம், "இவர்கள் எந்தக் காலத்தில் இருக்கிறார்கள்" என்று கிண்டல், கீழே வரிசையாகச் சிரிப்பு. தப்பு தப்புதான். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2017இல் வந்த 9ஆம் பதிப்பிலிருந்தே, புதிதாக நிறுவினால் அந்தக் கட்டளை இருக்கும் நெட்-டூல்ஸ் தொகுப்பு தானாக வருவதில்லை; புதியவர் அந்த வரியைத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றுதான் வரும். ஆனால் படம் பிடித்து, சிவப்பு வட்டம் போட்டு, வசனம் எழுதி ஏற்றிய நேரத்தில் இப்போதைய கட்டளையான 'ஐபி ஏ' என்று மாற்றியிருக்கலாமே! வட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே 'தொகு' என்று இருக்கிறது.

"இவர்கள்" என்று யாரும் இல்லை சாமி. எல்லோரும் எழுதும் பக்கம் அது. (சரி, அந்த வரியை எழுதியது நான். எழுதியபோது சரியாகத்தான் இருந்தது.)

பல வருடங்களுக்கு முன் இப்படி ஒரு பக்கத்தைப் பார்த்து யூஎஸ்பியில் ஐஎஸ்ஓ, அதாவது லினக்ஸ் நிறுவும் கோப்பு, எழுதினேன். சொன்ன வட்டின் மேல் கேள்வி கேட்காமல் எழுதிவிடும் டிடி கட்டளையில், வட்டின் பெயர் எஸ்டிபி என்று இருந்ததை அப்படியே ஒட்டி என்டர் தட்டிவிட்டேன். என் கணினியில் எஸ்டிபி என்பது பேக்கப் வட்டு. திட்டி எழுத எனக்கும்தான் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. "முதலில் எல்எஸ்பிஎல்கே ஓட்டி எது எந்த வட்டு என்று பாருங்கள்" என்று, வட்டுகளைப் பட்டியலிடும் கட்டளையைச் சொல்லி, டிடிக்கு மேலே ஒரு வரி சேர்த்தேன். இன்றும் இருக்கிறது. யார் சேர்த்தது என்று யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. கேட்டால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

"திருத்தினால் ரிவர்ட் செய்து பழையபடி ஆக்கிவிடுகிறார்கள்" என்பீர்கள். எனக்கும் செய்திருக்கிறார்கள், அதில் ஒரு முறை அவர்கள் பக்கம்தான் நியாயம். நேரமில்லை என்பவரிடம் பேசவே போவதில்லை, வட்டம் போட நேரம் இருந்தது. "நான் நிரல் எழுதுகிறவன், இது என் வேலையா" என்பதுதான் சுடுகிறது. 1971இல், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேட்டை எழுதியவர்கள் தாம்சனும் ரிச்சியும், சிஸ்டத்தையே எழுதியவர்கள். யூனிக்ஸ் வழிவந்த ஓப்பன்பிஎஸ்டியில் மேன் பக்கத்துப் பிழையும், அதாவது கையேட்டில் வரும் பிழையும், நிரல் பிழையைப் போலவே பக்தான். நம் ஆட்களிடம் மட்டும் நிரலைத் திருத்தி பேட்ச் போட்டேன் என்றால் கைதட்டு, ஆவணம் எழுதினேன் என்றால் "ஓ, டாக்குமெண்டேஷனா". அந்த இழுப்பைக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

நேற்று ராத்திரி அந்த வரியை நானே மாற்றிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றியாகிவிட்டது என்று கிண்டல் பதிவின் கீழேயும் போய்ச் சொன்னேன். அதற்கும் ஒரு சிரிப்பு பொம்மைதான்.