வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது

லினக்ஸ் போட்டே வந்த புது லேப்டாப். மூன்றாம் நாள் அப்டேட் கேட்டது, சரி என்று கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரை. 'கெர்னல் பேனிக்' என்று வரிவரியாக எழுத்து. அதாவது, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிட்டது. சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்ய, அதாவது இணைத்துத் திறக்க, முடியவில்லையாம். எந்தக் கீயை அழுத்தினாலும் அசைவில்லை. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. வயிறு கலங்கிவிட்டது.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, அப்புறம் எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவுக்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் உயிர் வந்தது. பார்த்தால், கெர்னல்களை வைக்கும் டிஸ்க் பகுதியான பூட் பார்ட்டிஷன் நிரம்பி வழிகிறது. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்யப் புது கெர்னலுக்குத் தேவையான இனிட்ராம்எஃப்எஸ் என்ற ஃபைல் முழுதாக எழுதப்படவே இல்லை. 512 ஜிபி டிஸ்க்கில் பூட்டுக்கு வெறும் 250 எம்பி ஒதுக்கி அனுப்பியவர்களை என்ன சொல்வது? இரண்டு கெர்னல் சேர்ந்தாலே இடம் தீர்ந்துவிடும். இது தயாரித்தவர்களுக்குத் தெரியாதா?

கஸ்டமர் கேரில் கேட்டால், "எல்லாவற்றையும் அழித்துவிட்டு ரீஇன்ஸ்டால் பண்ணுங்கள்" என்கிறார்கள். உள்ளே இருக்கும் என் ஃபைல்களுக்கு யார் பொறுப்பு? இடம் போதாது என்றால் அப்டேட் ஆரம்பிக்கும் முன்பே சொல்லி நிறுத்தியிருக்க வேண்டாமா?