குடித்தால் ஹால் உண்டு, குடியை விட்டால் கிடையாது

சரி, நானும் நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று இரவு எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "நல்ல முடிவு, இனி ஞாயிற்றுக்கிழமை நிம்மதி" என்று போட்டிருந்தார். அதற்குப் பதினேழு கட்டைவிரல். அதைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கும். எங்கள் குடியிருப்பின் பொது ஹாலில் ஞாயிறு மாலை நடந்துகொண்டிருந்த ஏ.ஏ. கூட்டத்தை ஓட்டெடுப்பு வைத்து நிறுத்திவிட்டார்கள். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் குழு. 41க்கு 9. ஒன்பதில் ஒன்று எங்கள் வீடு. மற்ற எட்டு வீடு எவை என்று தெரியாது. தெரிந்தால் போய்க் கையைப் பிடித்துக்கொள்வேன்.

அதே ஹாலில்தான் டிசம்பர் 31 இரவு பார்ட்டி நடந்தது. ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார், இன்னொருவர் படிக்கட்டில் வாந்தி எடுத்தார். மறுநாள் காலை பெருக்க வந்த அக்காவின் காலில் பாட்டில் கண்ணாடி ஏறியது. அதற்கு யாரும் ஓட்டெடுப்பு வைக்கவில்லை. "ஜாலியா இருந்துச்சு" என்று போட்டோ போட்டார்கள். ஆக, குடிப்பவர்களுக்கு அந்த ஹால் உண்டு, குடியை விட்டவர்களுக்குத்தான் கிடையாது. இதை இன்னும் நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் குழுவின் சார்பில் எழுதவில்லை. ஏ.ஏ.வில் ஒரு மரபு உண்டு, வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்ல மாட்டார்கள், பொதுச் சண்டைக்குள் இறங்க மாட்டார்கள். அவர்கள் சண்டை போட மாட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு சுலபமாக வெளியே அனுப்ப முடிந்தது. எனக்கு அந்த மரபு கிடையாது. நான் குடிநோயாளியின் மகள். நான் போடுவேன்.

அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "என் கதையை எழுதிக்கோ, பேர் வேண்டாம். மத்தவங்க கதையைத் தொடாதே" என்றார். தொடவில்லை.

முதல் குற்றச்சாட்டு, பிள்ளைகளின் பாதுகாப்பு. "அந்த மாதிரி ஆட்கள்" வந்து போகும் இடத்தில் பிள்ளைகள் எப்படி விளையாடும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்த மாதிரி ஆட்கள் மூன்று வருடமாக அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? நாற்காலியை வட்டமாகப் போட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்டார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். வாடகை வேண்டாம் என்று முந்தைய செயலாளர் சொன்னபோதுகூட, அவர்களே உண்டியல் சுற்றிச் சேர்த்த காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளியாள் பணத்தில் குழு நடக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. நம் சங்கத்தில் பராமரிப்புக் கட்டணத்தைக் கேட்காமலே கட்டுபவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை.

பிள்ளைகளைப் பற்றிப் பேசினீர்கள் இல்லையா, நானும் பேசுகிறேன். ஏனென்றால் நானும் பிள்ளையாக இருந்தேன்.

எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும். இரவு படுத்துக்கொண்டே வாசல் பூட்டின் சத்தத்தைக் கேட்பேன். சாவி ஒரே தடவையில் நுழைந்தால் பிரச்சினை இல்லை, தூங்கலாம். இரண்டு மூன்று முறை உரசினால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். ரொம்ப நேரம் உரசிக்கொண்டே இருந்தால் அம்மா எழுந்து போய்த் திறக்க வேண்டும், நான் தம்பியின் காதைப் பொத்த வேண்டும். அப்பா எவ்வளவு குடித்திருக்கிறார் என்று பூட்டை வைத்தே சொல்லிவிடுவேன். காலையில் அலுவலகத்திலிருந்து போன் வந்தால், "அப்பாவுக்குக் காய்ச்சல் அங்கிள்" என்று சொல்வதும் என் வேலை. குரல் நடுங்காமல் சொல்லப் பழகிக்கொண்டேன். அம்மா பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பாள். அப்பா தண்ணீர் ஊற்றிக் கோட்டைச் சரிசெய்வார். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அந்த நாட்களில் எந்தக் குடியிருப்போர் சங்கமும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கூட்டம் போடவில்லை. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். அப்பா குடித்துக்கொண்டிருந்தவரை அவர் "கொஞ்சம் டென்ஷன் பார்ட்டி". குடியை விட்டு, ஒரு வட்டத்தில் உட்கார்ந்து "நான் ஒரு குடிநோயாளி" என்று சொன்ன பிறகுதான் ஆபத்தானவராகிவிட்டார்!

அடுத்து, "ஆஸ்பத்திரி எதற்கு இருக்கிறது, அங்கே போகட்டும்" என்பவர்கள். இதில் பாதி நியாயம். பாதி என்ன, முக்கால்வாசியே நியாயம்தான். நிறையக் குடித்துக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் கை நடுங்கி, இல்லாதது கண்ணில் தெரிந்து, நினைவு தடுமாறும் நிலைக்கும் போகலாம். அதற்கு மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும். கூட்டம் அதற்கு மாற்று என்று நான் சொல்லவே மாட்டேன். அப்பாவும் பன்னிரண்டு நாள் படுத்துத்தான் வந்தார். ஆனால் பதின்மூன்றாம் நாள்? டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டுக்கு வந்த மனிதர் மாலை ஆறு மணிக்கு எங்கே போவார்? பழைய நண்பர்கள் எல்லாரும் குடிக்கும் நண்பர்கள். சொந்தக்காரர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அவர் வாயை முகர்ந்துகொண்டே இருக்கிறோம். அந்த ஆறு மணிக்குத்தான் ஐயா அந்த ஹால்.

ஏ.ஏ. ஆரம்பித்ததே அப்படி ஒரு மாலை நேரத்தில்தான். 1935இல் பில் வில்சன் என்ற பங்குத் தரகர் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் லாபியில் நிற்கிறார். குடியை விட்டு ஐந்தாறு மாதம். போன தொழில் காரியம் தோல்வி. ஒரு பக்கம் பார், பேச்சும் சிரிப்புமாகக் கேட்கிறது. இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போய், பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேடுகிறார். மருத்துவர் பாப் ஸ்மித் கிடைக்கிறார். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று கறாராகச் சொல்லி வந்தவர், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். கடைசியாக ஒரு முறை சறுக்கி, அந்த ஜூன் 10க்குப் பிறகு பாப் குடிக்கவில்லை. கவனியுங்கள், ஒருவர் மருத்துவர்! மருத்துவம் தெரியாமல் இல்லை. எதிரே உட்கார்ந்து "எனக்கும் இப்படித்தான்" என்று சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது.

"இதற்கெல்லாம் ஆதாரம் உண்டா" என்று ஒரு படித்தவர் கேட்டார். உண்டு சார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 27 ஆய்வுகளை, பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. முழுமையாகக் குடியை விட்டிருப்பதில், ஏ.ஏ.வும் அதில் சேர வழிகாட்டும் சிகிச்சையும் மற்ற சிகிச்சைகளை விடக் குறைந்ததில்லை, சில வகையில் மேல் என்றுதான் முடிவு வந்தது. எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. அதில் வரும் கடவுள் பேச்சு சிலருக்குப் பிடிக்காது. எனக்கே சில நேரம் நெளியும். கடவுள் பேச்சே இல்லாமல் நடக்கும் ஸ்மார்ட் ரிகவரி மாதிரிக் குழுக்களும் 1994 முதல் இருக்கின்றன. எது பிடிக்கிறதோ அங்கே போகட்டும். எங்கே போனாலும் உட்கார ஒரு இடம் வேண்டும் இல்லையா? நம்மிடம் கேட்டது அது ஒன்றுதான்.

"திரும்பவும் குடிக்கிறார்களே, என்ன பிரயோஜனம்?" இதை எழுதியவர் எங்களோடு லிஃப்டில் வருபவர், அப்பாவுக்குத் தினமும் வணக்கம் சொல்பவர். ஆமாம், குடிக்கிறார்கள். அப்பாவும் பதினான்காவது மாதம் குடித்தார். அன்றைக்கும் சாவி உரசியது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, தம்பிக்கு மீசை முளைத்துவிட்டது, ஆனாலும் என் கை தானாக அவன் காதுப் பக்கம் போனது. மறுநாள் அவர் அப்போது போய்க்கொண்டிருந்த ஏ.ஏ. குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். யாரும் புத்தி சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வாங்க" என்று மட்டும் சொன்னார்கள். போனார். அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஆகிறது. அமெரிக்க அரசின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சிகிச்சை பெற்றவர்களில் திரும்ப விழுபவர்கள் 40 முதல் 60 சதவீதம் என்கிறது, ரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் சிகிச்சை தவறி நோய் திரும்புவதும் ஏறக்குறைய இதே அளவு என்றும் சொல்கிறது. பிரஷர் ஏறிப்போனவரை யாரும் ஹாலை விட்டு வெளியே அனுப்புவதில்லை.

"அவனா கெடுத்துக்கிட்டான், அவனா அனுபவிக்கட்டும்." இதற்குப் பதில் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அவர் மட்டுமா அனுபவித்தார்?

அம்மாவைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. அதே நேரத்தில் பக்கத்து அறையில், விளையாட்டுச் சாமான் வைக்கும் அறையில், குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டமும் நடந்தது. ஏழெட்டுப் பெண்கள், ஒரு வயதான தகப்பனார். அதுவும் சேர்த்துத்தான் போயிற்று. ஓட்டுப் போட்ட 41 வீட்டுக்கும் அப்படி ஒன்று நடந்தது தெரியுமா என்றே சந்தேகம். பில் வில்சனின் மனைவி லோயிஸ், கணவர் குடியை விட்ட பிறகு ஒருநாள் கோபத்தில் அவர்மேல் ஷூவைத் தூக்கி எறிந்தாராம். குடித்தபோது இல்லை, விட்ட பிறகு! இவ்வளவு நாள் நான் கெஞ்சியும் நிறுத்தாதவர் யாரோ நாலு பேர் சொல்லி நிறுத்தினாரா என்கிற கோபம். அந்த லோயிஸ்தான் பின்னால் 1951இல் அல்-அனானைத் தொடங்கியவர்களில் ஒருவர். எங்கள் அம்மா ஷூ எறியவில்லை. அப்பா நிறுத்திய முதல் வருடம் அவளும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அவளை வற்புறுத்தி அழைத்துப் போனவள் நான். மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். நான்காவது வாரம், "அவர் குடிக்கிறதில்ல. ஆனா எனக்கு இன்னும் பதினோரு மணிக்கு முழிப்பு வந்துடுது" என்றாள். எதிரே இருந்த அம்மாள், "எனக்கு ஆறு வருஷமா வருது" என்றார். அம்மா சிரித்துவிட்டாள். நான் காரணமில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது என்று மூன்று வரி அங்கே சொல்வார்கள். முப்பது வருடம் எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது என்ன செய்தது என்பதை நான் வீட்டில் பார்த்தேன். பேனா வாங்கினால் இப்போது எழுதத்தான் வாங்குகிறாள்.

ஒரு விஷயத்தில் எங்கள் பக்கமும் பிசகுதான், மறைக்கவில்லை. ஹால் பதிவேட்டில் "சுய உதவிக் குழு" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. என்ன குழு என்று எல்லாருக்கும் சொல்லியிருக்க வேண்டும், ஏமாற்றிவிட்டதாகச் சிலர் வருத்தப்படுகிறார்கள். சரி, வருத்தம் நியாயம். ஆனால் சொல்லியிருந்தால் மூன்று வருடம் விட்டிருப்பீர்களா, மூன்று வாரமாவது? பார்க்கிங் இடைஞ்சல் என்றவர்களுக்கு: வந்தவர்களில் பாதிப் பேர் வண்டியைக் குடியில் விற்றவர்கள், பஸ்ஸில்தான் வந்தார்கள்.

நிறுத்தச் சொன்னதில் எனக்குக் கோபம் என்றால், நிறுத்திய விதத்தில் அவமானம். அப்பாவை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மூன்று வருடமாக ஹால் சாவி அவரிடம்தான் இருந்தது. ஒருகாலத்தில் சொந்த வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்க முடியாத மனிதர். ஞாயிறு மத்தியானமே சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்வார்.

வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்களாம். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டிருக்கிறார். "சும்மா ரிட்டர்ன்னு போடுங்க சார்" என்றார்களாம்.

அன்று திரும்பி வர நேரமாகிவிட்டது. எட்டரை, ஒன்பது இருக்கும். போன் எடுக்கவில்லை. அம்மா சமையலறையில் வேலை செய்வதுபோல நின்றுகொண்டிருந்தாள். நான் வீட்டு முன்னறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். லிஃப்ட் கதவு திறந்தது, செருப்பு விடும் சத்தம் கேட்டது. அப்புறம் சாவி. ஒரே தடவையில் நுழைந்தது.