கோவை ஏரியா வசூல் அத்தனையும் லாபமா?

"கோடையில் வெளியான படம் கோவை ஏரியாவில் அள்ளிய வசூல் முழுவதும் தயாரிப்பாளருக்கு லாபம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

சினிமா விநியோகத்துக்காகப் பிரித்த பகுதியைத்தான் 'ஏரியா' என்கிறார்கள். கோவை ஏரியா வசூல் என்பது கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரித் தியேட்டர்களில் விற்ற டிக்கெட்டுகளின் மொத்தப் பணம். அடிப்படைக் கட்டணம் 150 ரூபாய் என்றால் அதன்மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 27 ரூபாய், அரசுக்குப் போகிறது. உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. ஆன்லைன் முன்பதிவுக் கட்டணம் படத்தின் கணக்கிலேயே சேராது. மிஞ்சுவதைத் தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் ஒப்பந்தப்படி பிரித்துக்கொள்வார்கள். ஏரியாவை மொத்தமாக விலைக்கு வாங்கிய விநியோகஸ்தர் என்றால், கொடுத்த பணத்தை முதலில் அவர் எடுத்தாக வேண்டும்.

இன்னொரு குளறுபடி: சேலம் தனி ஏரியா. அதையும் சேர்த்துக் 'கொங்கு வசூல்' என்கிறார்கள். எண் பெரிதாகாமல் என்ன செய்யும்? இந்த எண்களைத் தணிக்கை செய்து வெளியிடும் அரசு அமைப்பு எதுவும் இங்கு இல்லை.